தாடையில் வைத்த விரல்

அவர் ஒரு வேர்க்கடலையை வாயில் போட்டால் மண்டியில் பேச்சு நின்றுவிடும். மூட்டை தூக்குகிறவர்கள் முதுகுப் பாரத்தோடு அப்படியே நிற்பார்கள். தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். விற்க வந்தவரும் வாங்க வந்தவரும் அவருடைய இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். டக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவுமே இருக்காது. மலைமேல் மேகத்தின் நிழல் நகர்வது கூடக் காதில் விழும் போலிருக்கும். பிறகு கண்ணைத் திறந்து, "காஞ்சிருக்கு" என்பார். இல்லையென்றால், "நடுவுல ஈரம் இருக்கு" என்பார். விலை அந்தச் சொல்லில் நின்றுவிடும்.

திருவண்ணாமலையில் நான் எடை போட்டது வேர்க்கடலை மண்டியில். எங்கள் பக்கத்துப் பேச்சில் அது மல்லாட்டை. கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். எண்ணெய் ஆலைக்காரர்கள் வாங்கிப் போவார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சரக்கு எப்படி என்று சொல்லும் தரகர் அவர். ஊரில் பல தலைமுறையாக வாழ்கிற முஸ்லிம் குடும்பம். எல்லோருக்கும் அவர் பாய். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை, அதனால் நானும் இங்கே சொல்லவில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. எழுபதுகளின் கடைசியில் அந்த மண்டியில் சேர்ந்தபோது, எடையைச் சத்தமாகச் சொல்லவே கூச்சப்படுவேன். ஆலைக்காரர்கள் கேலி செய்வார்கள். பாய் கடித்துவிட்டுச் சும்மா இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மரத்தடி மாதிரி. அப்போது யாரும் பேசமாட்டார்கள். நானும் பேச வேண்டியதில்லை.

எதைக் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "கடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்." மகளுக்கு வேலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோதும் அதையே சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டில் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்துதான் சரி என்றார். டீக்கடையில் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்று கேட்டால், "அத எங்க வெச்சிக் கடிக்கிறது?" என்பார். வெற்றிலை போடமாட்டார். சுண்ணாம்பு படிந்தால் பல்லுக்குக் காது அடைத்துவிடும் என்பார். அவர் பல்லுக்குக் காது உண்டு என்பதில் மண்டியில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ரம்ஜான் மாதத்தில் பகலில் வாயில் எதையும் போடமாட்டார். காயைக் காதருகே வைத்துக் குலுக்கிவிட்டு, "சாயங்காலம் சொல்றேன்" என்பார். அவசரக்காரர்கள்கூடக் காத்திருப்பார்கள். நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய்த் தண்ணீர், மூன்றாவதாக யாரோ ஒருவருடைய மல்லாட்டை. "கஞ்சி ஆறிப் போவுது, இவருக்கு ஊரான் வூட்டு மல்லாட்டதான் பெருசு" என்று அவர் வீட்டம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

கடிப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பார்த்துப் பொறுக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூட்டைக்குள் கைவிட்டு, விரலில் வந்ததை எடுப்பார். "பாத்து எடுத்தா கை நல்லதத்தான் எடுக்கும் தம்பி. கைக்கும் ஆச உண்டு" என்பார்.

அந்த முறைதான் அவருக்கு வினையானது. அன்று வந்தது உரித்த பருப்பு மூட்டை. எடைக்காக எவனோ கல்லைக் கலந்திருந்தான். பருப்பின் நிறத்திலேயே, பருப்பின் அளவிலேயே ஒரு கல். பாய் கடித்தார். வேறு மாதிரி சத்தம் வந்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வழக்கம்போலச் சற்று நேரம் சும்மா இருந்தார். கண்ணைத் திறந்து, "கல்லு இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். துண்டு சிவந்தது.

இடது பக்கம் கீழ்வரிசையில் இருந்த பல் அது. பாதியாகப் பிளந்துவிட்டதால் எடுத்துவிட்டார்கள். பிளேட்டோடு கழற்றி மாட்டும் ஒரு கட்டுப்பல்லைச் செய்துகொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு மண்டிக்கு வந்து கடித்தார். கண்ணைத் திறக்கவே இல்லை. இன்னொன்று கடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தலகாணிக்குள்ள ஏதோ ஒடையுற மாதிரி கேக்குது தம்பி" என்றார்.

"வலது பக்கம் இருக்கே பாய்" என்றார் ஆலைக்காரர் ஒருவர்.

"உனக்கு ரெண்டு கை இருக்கு. இடது கையால கையெழுத்துப் போட்டுக் குடு, வாங்கிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு வெள்ளைக்காரப் பல் டாக்டரம்மா அறை எடுத்துத் தங்குவார். தீபத்துக்கு முன்னால் வருவார், வெயில் ஏறும்போது போய்விடுவார். பல வருஷமாக வந்து போனதில் நிதானமாகத் தமிழ் பேசுவார். அவித்துத் தின்ன வேர்க்கடலை வாங்க எங்கள் மண்டிக்கு வருவார். பாய் கண்மூடிக் கடிப்பதைப் பார்ப்பதற்காகவே கொஞ்ச நேரம் நிற்பார். அந்தத் தடவை வந்தவர், "ஏன் பாய் கடிக்கல?" என்று கேட்டார்.

பாய் சொன்னார். அந்த அம்மா அவரை மூட்டைமேல் உட்காரவைத்து, வெயில் பக்கம் முகத்தைத் திருப்பி, வாய்க்குள் பார்த்தார்.

"தாடை எலும்புல ஒரு ஆணி வெக்கலாம். ஆணி மேல பல்லு வெக்கலாம். எலும்பு ஆணியப் புடிச்சிக்கும். அப்ப உங்களுக்குக் கேக்கும்னு நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா?"

"இதுவரைக்கும் யாரும் மல்லாட்ட கடிச்சுப் பாத்து எனக்குச் சொன்னதில்ல."

பாய்க்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கடித்துப் பார்க்காமல் சொல்லாத இன்னொரு ஆளைக் கண்டுகொண்ட மாதிரி அவரைப் பார்த்தார்.

மெட்ராஸில் அந்த அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஆணி வைத்தார்கள். டைட்டானியம் என்று ஓர் உலோகம். ஆணியை எலும்புக்குள் திருகி, மேலே ஈறை மூடித் தைத்துவிட்டார்கள். எலும்பு வளர்ந்து வந்து அதைப் பிடிக்க மாதங்கள் ஆகும், அதுவரை அந்தப் பக்கம் எதையும் கடிக்கக் கூடாது என்றார்கள். பாய் தலையாட்டிவிட்டு வந்தார். வந்து கொஞ்ச காலம் கஞ்சியும் ரொட்டி ஊறிய பாலுமாக இருந்தார். ஒரு நாள் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கும்போது, ஓர் ஊர்க்காரர் பழக்கத்தில் உள்ளங்கையில் நாலு பருப்பை வைத்து நீட்டினார். பாயும் பழக்கத்தில் வாங்கி வாயில் போட்டுவிட்டார். பல் இல்லாத ஈறின் மேலேயே பருப்பு நொறுங்கியது. அவர் கண் சட்டென்று திறந்தது.

"போச்சு" என்றார், மெதுவாக.

ஈறு வீங்கியது. ஆணி ஆடியது. எடுத்துவிட்டார்கள். அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஒரு மத்தியானம் என் உள்ளங்கையில் போட்டு, "தடவிப் பாரு" என்றார். கோணி ஊசியின் முனை மாதிரி மினுங்கியது.

"வழுவழுன்னு இருக்கு பாய்."

"கடிச்சது என் தப்புதான். ஆனா வழுவழுப்பா இருந்தா எலும்பு புடிச்சிக்க ஜாஸ்தி நாளாவுமாம். டாக்டரம்மா சொல்லிச்சு. வேற ஒண்ணு எடுத்தாரேன்னு சொல்லியிருக்கு." காகிதத்தை மறுபடி மடித்தார். "அதுவும் புடிக்கலன்னா தரகுத் தொழில வுட்டுடறேன் தம்பி. பாதி கேட்டுட்டு முழுசா சொல்ற பொழப்பு எனக்கு வாணாம்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் போய்விட்டால் அந்த மண்டியில் நடுவில் நிற்க யாரும் இல்லை. விற்கிறவர் ஒன்று சொல்வார், வாங்குகிறவர் ஒன்று சொல்வார், சத்தம் பெரிதாக யாருக்கு வருகிறதோ அவர் ஜெயிப்பார்.

அடுத்த வருஷம் அந்த அம்மா தன் நாட்டிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இன்னோர் ஆணியைக் கொண்டுவந்தார். இதில் மினுக்கம் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் பாதி வெயிலும் பாதி நிழலும் விழுந்தது போல ஒரு மங்கிய வெண்மை. பாய் குப்பியைத் திறக்கப் போனார்.

"தொடாதீங்க. கையில இருக்கிற எண்ணெ பட்டா எலும்புக்குப் புடிக்காது."

"மேல பூசியிருக்கிறது இன்னாம்மா?"

"எலும்புல இருக்கிற அதே உப்பு. ரொம்ப சூட்டுல உருக்கி, பொடியா தெளிச்சு ஒட்ட வெக்கிறாங்க."

பாய் சற்றுத் தயங்கினார். "எலும்புன்னா... எந்த மிருகத்தோடது?"

"மிருகம் இல்ல பாய். பாக்டரியில செய்யறது."

"அப்ப சரி."

அந்த அம்மா குப்பியை வெயிலில் தூக்கிக் காட்டினார். "பாருங்க, மேல சின்னச் சின்னக் குழி. எலும்பு வளர்ந்து வரும். வந்து தொட்டுப் பாக்கும். அந்நியம்னு ஒதுங்கி நிக்காது. நம்ம ஆளுன்னு நெனச்சிக்கும். குழிக்குள்ள எறங்கிப் புடிச்சிக்கும்."

எனக்கு அது கேட்டவுடன் புரிந்தது. அந்த வருஷங்களில்தான் பிளாஸ்டிக் சாக்கு வர ஆரம்பித்திருந்தது. சணல் கோணியை அட்டி போட்டால் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கினாலும் நிற்கும். ஒரு கோணியின் நார் இன்னொரு கோணியின் நாரைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கை அப்படி அடுக்கினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழுக்கிச் சரியும். இதைப் பாயிடம் சொன்னேன். நான் அவரிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"அப்ப இது கோணி கட்டின ஆணின்னு சொல்லு" என்று சிரித்தார். அதற்குப் பிறகு மண்டியில் அதற்குக் கோணி ஆணி என்றே பேர் ஆகிவிட்டது.

ஆணியை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எலும்பு பிடிக்க அரை வருஷம் போதும், ஆனால் டாக்டரம்மா திரும்பி வந்துதான் ஈறைத் திறக்க முடியும். அது தீபத்துக்குத்தான். பாய் இந்தத் தடவை தலையில் கட்டும் துண்டைத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மண்டிக்கு வந்தார். பல்வலியா என்று கேட்டவர்களிடம், "பல்லுக்கு நோன்பு" என்றார். யாராவது கையை நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்.

அந்தக் கோடையை நினைத்தால் ஒரு நாளிலிருந்து இன்னொரு நாளைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே நீண்ட மத்தியானமாக இருக்கிறது. வாசல் முழுக்கக் காய் காய்கிறது. மலை வெயிலில் வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்பது போல நிற்கிறது. பாய் அட்டிமேல் சாய்ந்து, தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைப்பேன்.

"தம்பி, எலும்பு வளர்ற சத்தம் கேக்குமா?"

"தெரியல பாய்."

"எனக்கு ஏதோ கேக்குற மாதிரி இருக்கு. எறும்பு வரிசையா போற மாதிரி."

நானும் மூச்சைப் பிடித்துக் கேட்பேன். காயும் தோடுகள் வெயிலில் வெடிக்கிற சத்தம் மட்டும் வரும். ஆனாலும் அந்த அமைதியில், அவர் தாடைக்குள் ஏதோ ஒன்று இன்னொன்றைத் தொட்டுத் தடவிப் பார்த்து, நம்ம ஆளா என்று யோசித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஆனால் சரக்கு காத்திருக்காதே. ஒரு நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வண்டியில் காய் கொண்டுவந்தார். ஈரம் என்றார் ஆலைக்காரர். பத்து வெயில் காய்ந்தது என்றார் பெரியவர். இரண்டு பேரும் பாயைப் பார்த்தார்கள். பாய் என்னைப் பார்த்தார்.

"இங்க வா தம்பி. வாயில போடு."

கூசிப்போனேன். எல்லோரும் பார்க்க, ஒரு பருப்பை இடது பக்கம் ஒதுக்கிக்கொண்டு நின்றேன். பாய் இரண்டு விரலை என் காதுக்குக் கீழே, தாடை மடங்கும் இடத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பக் கடி."

கடித்தேன். அவர் விரல் அசையவில்லை. வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இன்னா பாய், பல்ல வாடகைக்கு எடுத்திருக்கீங்களா?" என்றார் ஆலைக்காரர்.

"பல்லு தம்பியோடது. காது என்னுது. வேணும்னா மூக்க நீ வெச்சிக்க." விரலை எடுத்துவிட்டு, பெரியவரிடம் திரும்பினார். "எனக்குப் பாதிதான் கேக்குது. பாதிக்கு முழு வார்த்த குடுக்க முடியாது. இங்கயே கொட்டி ரெண்டு வெயில் காய வையுங்க. அதுக்கப்புறம் கொழந்தகூடச் சொல்லிடும்."

"பாய், உங்களுக்குப் பல்லு மொளைக்கிற வரைக்கும் நான் இங்கயே குடித்தனம் பண்ணணுமா?"

"சாப்பாடு நம்ம வூட்ல" என்றார் பாய்.

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே காயைக் கொட்டிப் பரப்பினார். அப்படியே அந்தப் பருவம் முழுக்க நடந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் நான் கடிப்பேன், அவர் விரல் வைத்துக் கேட்பார். சிலவற்றுக்குச் சொல்வார். பலவற்றுக்குத் தெரியவில்லை என்பார். தெரியவில்லை என்று சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் இருக்காது, வலி இருக்கும். அவர் விரல் சில்லென்று இருக்கும். மெல்ல மெல்ல, நான் கடிக்கும்போது எனக்கே என் தாடை எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க ஆரம்பித்தது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றதில், சுற்றி நிற்பவர்களைப் பார்த்துக் கூசுவது எப்போது நின்றதென்று தெரியவில்லை.

ஐப்பசி மழை வந்தது. புதுக் காய் வந்து குவிந்தது. தீபத்துக்கு ஊர் தயாரானபோது டாக்டரம்மாவும் வந்தார். மெட்ராஸுக்குத் துணையாக நானும் போனேன். "வழியில யாராவது கைய நீட்டினா வாங்கிப் போட்டுக்குவாரு, கூடப் போப்பா" என்று பாய் வீட்டம்மா சொல்லியிருந்தார்.

ஈறைத் திறந்தார்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். டாக்டரம்மா ஒரு கருவியின் இரும்புக் காம்பால் முதலில் பக்கத்துப் பல்லைத் தட்டினார். டொக் என்றது. அதன் பிறகு ஆணியைத் தட்டினார்.

டிங்.

கோயில் மணியைத் தூரத்தில் யாரோ விரலால் சுண்டியது மாதிரி இருந்தது. வாயைத் திறந்தபடி, கண்ணை மூடியபடி, பாய் ஒரு விரலைத் தூக்கினார். இன்னொரு தடவை என்று அர்த்தம். அந்த அம்மா தட்டினார். பாய் மறுபடி விரலைத் தூக்கினார். மறுபடி தட்டினார். அந்த அம்மாவே சிரித்துவிட்டு, "போதும் பாய், புடிச்சிருக்கு" என்றார். பாயின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது.

பல்லைச் செய்து ஆணிமேல் பொருத்திய பிறகும் அவசரப்படவில்லை. மெத்தென்றதையே தின்று பழகினார். டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகு ஒரு நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்கு வந்தார். அன்று கீழ்பென்னாத்தூர்ப் பெரியவரின் காய் வந்திருந்தது. மழையில் நனைந்த வண்டி. ஆலைக்காரர் வாயைத் திறப்பதற்குள் பெரியவர், "இந்தத் தடவையாவது நான் வூட்டுக்குப் போலாமா பாய்?" என்றார்.

பாய் கண்ணை மூடி, மூட்டைக்குள் கைவிட்டு, வந்த காயை எடுத்தார். உரித்தார். இடது பக்கம் ஒதுக்கினார். மூட்டை தூக்குகிறவர்கள் நின்றார்கள். நான் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன்.

டக்.

அவர் சும்மா இருந்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் சும்மா இருந்தார். யாரோ இருமினார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு காயை எடுத்துக் கடித்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"காஞ்சிருக்கு. தோட்டுலதான் மழ. உள்ள எறங்கல."

பெரியவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஆலைக்காரர் எடை போடச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் எடையைச் சொன்னேன். மண்டி முழுக்கக் கேட்டிருக்கும்.

எல்லோரும் போன பிறகு பாய் என் பக்கத்தில் வந்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"முன்ன பல்லு கேட்டுட்டு எனக்கு வந்து சொல்லும் தம்பி. இப்ப அப்படி இல்ல. எலும்பே நேரா கேக்குது. கொஞ்சம் தூரமா கேக்குது. ஆனா முழுசா கேக்குது."

சொல்லிவிட்டு, ஒரு பருப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அவசியமே இல்லை, ஆனாலும் அந்த இரண்டு விரலும் என் காதுக்குக் கீழே வந்து உட்கார்ந்தன. "ஒண்ணா கடிப்போம்" என்றார். கடித்தோம். இரண்டு சத்தமா ஒரு சத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பெரிய சரக்கு வரும்போதெல்லாம் அதை ஒரு பழக்கமாக வைத்துக்கொண்டார்.

எண்பதுகள் முடியும் சமயத்தில் அவர் போய்விட்டார். அதுவரைக்கும் அந்தப் பல் ஆடவில்லை. கபர்ஸ்தானில் நான் சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்தேன். அவருடைய மருமகன் என்னைப் பார்த்துவிட்டு வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். எல்லோரும் மண் போட்டார்கள். நானும் போட்டேன். அந்த மண் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்று தெரியும். ஆனால் உள்ளே ஓர் இடத்தில் எலும்பு ஒரு சின்ன ஆணியை நம்ம ஆளு என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடி கடைசியாகத்தான் விடும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் யாராவது கையில் நாலு மல்லாட்டை கொடுத்தால் கண்ணை மூடி ஒன்றை எடுத்து இடது பக்கம் ஒதுக்குகிறேன். உடனே கடிப்பதில்லை. காதுக்குக் கீழே விரல் வந்து உட்காரட்டும் என்று கொஞ்சம் நிற்கிறேன்.